முயலும் யானையும்: ஊவாவின் துவக்குகள்

படைச்செருக்கு என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் முயலையும் யானையையும் ஒரே தராசில் ஏற்றிப் பார்க்கிறார். காட்டு முயலைத் தப்பாமல் எய்த அம்பைவிட, யானையை நோக்கி எறிந்து தவறிய வேலைக் கையில் வைத்திருப்பதே வீரனுக்கு அழகு என்பது அவர் கருத்து. வில்லும் வேலும் ஆண்ட காலத்துத் தீர்ப்பு அது. வெடிமருந்து வந்த பின்னர் அந்தத் தீர்ப்பு என்ன ஆயிற்று? இதனை அறிய விரும்பும் நேயர்கள் ஊவாவின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். யானைக்கும் முயலுக்கும் துவக்கு நீட்டப்பட்ட மண் அது.

துவக்கு என்று நாம் சொல்வதும், துவக்குவ என்று சிங்கள மக்கள் சொல்வதும் ஒரே சொல்லேயாகும். தமிழகத்தார் வழங்கும் துப்பாக்கியும் அதன் உறவுதான். துருக்கிய, பாரசீக மொழிகளின் வழியாக வந்த இச்சொல், பொருளோடு சேர்ந்தே கண்டி இராச்சியத்துக்குள்ளும் புகுந்தது. அந்நாட்டுக் கம்மாளர் வார்த்த துவக்குகளின் திறத்தைப் போர்த்துக்கேயரே வியந்து எழுதியுள்ளனர். கொடித்துவக்கு என்ற சிறு பீரங்கியின் பெயர் இன்றும் சிங்களக் குடும்பப் பெயராக வாழ்கிறது.

ஆயினும் ஊவாவில் ஆங்கிலேயருக்கு விழுந்த முதல் பேரடி துவக்கினால் விழுந்ததன்று. 1817 செப்ரெம்பரிலே, பதுளையில் உதவி வதிவிடப் பிரதிநிதியாக இருந்த டக்ளஸ் வில்சன், பிபிலைப் பக்கத்துக் காட்டில் அம்பு தைத்து மாண்டார். அதைத் தொடர்ந்து மூண்ட பெருங்கிளர்ச்சி 1818இல் அடக்கப்பட்டது. கெப்பிட்டிபொல திசாவை அவ்வாண்டு நவம்பர் 26ஆம் திகதி கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதன்பின் ஊவாவின் காடும் மலையும் துவக்கு வைத்திருந்த வெள்ளையரின் வேட்டைக் களமாயின.

அக்களத்தில் முதலில் நிற்பவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். இலங்கை றைபிள் படையைச் சேர்ந்த இவர், பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கியவர். இவர் கொன்ற யானைகள் 1400க்கு மேல் என்று, குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற் தமது இலங்கை பற்றிய நூலில் குறித்துள்ளார். 1845 ஜூன் 7ஆம் திகதி ஹப்புத்தளையில் இடி விழுந்து ரொஜர்ஸ் இறந்தபோது அவருக்கு வயது 41. பதுளையில் உள்ள புனித மார்க் தேவாலயம் அவர் நினைவாக நண்பர்களும் அபிமானிகளும் எழுப்பியது. நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையையும் இடி விடாமல் தாக்கியது என்பது மக்கள் வாயில் நெடுங்காலமாக உலவும் கதை. தேவாலயச் சுவரில் ஒரு தீர்ப்பும், மக்கள் கதையில் வேறொரு தீர்ப்புமாக ஒரே மனிதர் இரண்டுவிதமாக நினைக்கப்படுகிறார்.

இது ஒரு மனிதரின் வெறி மட்டுமன்று என்பதையும் சொல்லவேண்டும். அரசாங்கமே யானைத் தலைக்கு வெகுமதி கொடுத்த காலம் அது. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500 யானைகளுக்கு வெகுமதி கோரப்பட்டது என்பதும் ரெனன்ற் தரும் கணக்கே. கோப்பிக்காகக் காடு அழிந்தது. காட்டோடு யானையும் அழிந்தது.

வள்ளுவரின் வேலுக்கு மதிப்புத் தந்தது யானையின் பருமன் அன்று. எறிந்தவனின் உயிரையும் யானை பறிக்கக்கூடும் என்ற சமநிலையே அதற்கு மதிப்புத் தந்தது. முன்வாயால் மருந்து கெட்டிக்கும் துவக்கோடு யானை முன் நின்றவனுக்கும் ஆபத்து இல்லாமலில்லை. ஆனால் ஒன்று வீரமாகலாம், பத்தும் வீரமாகலாம், ஆயிரத்து நானூறு வெறும் கணக்கு.

கணக்கு என்றதும் துவக்கின் கணக்கையும் பார்க்க வேண்டியிருக்கிறது. குழாயின் துளையை 'போர்' என்ற ஆங்கிலச் சொல்லாலேயே நம்மவரும் குறிப்பர். ஓர் இறாத்தல் ஈயத்தைச் சமமான உருண்டைகளாக வார்க்கும்போது, எத்தனை உருண்டைகளில் ஒன்று குழாய்க்குள் சரியாகப் பொருந்துகிறதோ அந்த எண்ணே அத்துவக்கின் போர். பன்னிரண்டில் ஒன்று பொருந்தினால் 12 போர். இருபதில் ஒன்று பொருந்தினால் 20 போர். ஆகவே எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். 12 போரின் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர், 16 போர் 16.8, 20 போர் 15.6. 0.410 என்ற மெல்லிய துவக்கு மட்டும் இக்கணக்கில் சேராது. அது அங்குல அளவு.

1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, ஊவாவின் புல்வெளிகளிலும் வேட்டையாடிப் புத்தகம் எழுதிய சாமுவேல் பேக்கரிடம் 21 இறாத்தல் நிறையுள்ள ஒரு றைபிள் இருந்தது. பிறிஸ்டல் நகர் கிப்ஸ் செய்து கொடுத்தது. அதன் கூர்ங்குண்டு நான்கு அவுன்ஸ். அதாவது இறாத்தலுக்கு நான்கு. இது யானைக்கான கணக்கு.

முயலுக்கு எது கணக்கு? தேயிலை பரவி, 1886இல் ஊவா தனி மாகாணமாகி, 1924இல் பதுளை வரை ரயில் வந்த காலத்திலே, துரைமாரின் பங்களாக்களில் பின்வாயால் தோட்டா செருகும் இரட்டைக் குழல் துவக்குகள் வந்துவிட்டன. ஆங்கிலேயர் தம் நாட்டில் வளைமுயலுக்கு எழுதிய குறிப்புகளோடு வந்தனர். இலங்கைக் காட்டிலோ வளை தோண்டும் முயல் இல்லை. பிடரி கறுத்த நம் முயல் பற்றைக்குள் புல்லை அமுக்கிப் படுத்திருந்து, காலடியில் கிளம்பிப் பாயும் இனம். தமிழில் இரண்டுக்கும் முயல் என்றே பெயர். வேட்டைக்காரன் அதனால் ஏமாறக்கூடாது. ஓடுகிற இந்த முயலுக்கு முப்பது யாருக்குள் வெடி தீரவேண்டும், நாற்பதே எல்லை.

இங்கே தோட்டாவின் எண் முக்கியமாகிறது. இதிலும் எண் ஏற ஏறச் சன்னம் சிறுக்கும். ஆங்கிலேயக் கணக்கில் 6ஆம் எண் சன்னம் ஓர் அவுன்சுக்கு 270. 5ஆம் எண் 220. 4ஆம் எண் 170. பழைய 12 போர் தோட்டாவில் வழக்கமாக இருந்தது ஓர் அவுன்சும் பதினாறில் ஒரு பங்கும். ஆகவே 5ஆம் எண்ணில் ஏறத்தாழ 234 சன்னம் பறக்கும். முயலுக்கு இதுவே நடுவழி. உள்ளான் குருவிக்குரிய 8ஆம் எண்ணை முயலுக்கு வைத்தால் சன்னம் தோலைத் துளைக்குமேயன்றி உயிர்நிலையைத் தொடாது. விலங்கு காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் நாள் கழித்துச் சாகும். மறுபுறம், பன்றிக்குரிய எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது பெருஞ்சன்னங்களே உண்டு. அவை முயலைச் சுற்றிப் போய்விடும். பட்டாலோ இறைச்சி சிதையும். 20 போரில் 6ஆம் எண் ஏறத்தாழ 219 சன்னம் தரும். இலேசான துவக்கு, தோளுக்கு இதமானது. ஆனால் அதைக் கொண்டவன் இன்னும் கிட்ட நெருங்கவேண்டும். எந்தத் துவக்கானாலும் ஓடும் முயலின் பின்புறத்தில் சுடாமல் தலைக்கு முன்னே குறிவைப்பதே அதற்குச் செய்யும் இரக்கம்.

மலைநாட்டு மழையும் இதில் தன் பங்கைக் கேட்டது. கடதாசித் தோட்டா ஈரத்தில் ஊதிக் குழாய்க்குள் போகமறுக்கும். பித்தளைத் தோட்டாவுக்கு அதனால் மதிப்பு. இரண்டரை அங்குல அறை கொண்ட பழந்துவக்கில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவைச் செருகினால் அமுக்கம் ஏறிக் குழாய் வெடிக்கவும் கூடும். பாட்டன் துவக்கைப் பேரன் எடுப்பதிலுள்ள ஆபத்து அது.

இத்தனை நுட்பமும் யாருக்கு எட்டியது? 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் அரசாங்க அதிபரின் கையில் இருந்தது. துரையிடம் துவக்கு இருந்தது. லயத்தில் பிறந்தவனுக்குப் பாதுகாக்கச் சொந்த நிலமில்லை. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டத்தின் பின் பெரும்பாலோருக்குக் குடியுரிமையும் இல்லை. அவனுக்கு வாய்த்தவை நாயும், வலையும், கம்பிச் சுருக்கும். பெரட்டுக்கு முன் சுருக்கைப் பார்த்து வருவதே அவன் வேட்டை. அது வீரத்துக்காக நடந்ததன்று. சட்டியில் என்றாவது ஒருநாள் இறைச்சி வேகவேண்டும் என்பதற்காக நடந்தது.

முயலுக்கென்று வாங்கிய துவக்கு முயலோடு நின்றுவிடவும் இல்லை. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலை, ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டதோடு அவ்வாண்டின் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியாளரின் கையில் இருந்தவற்றுள் பெரும்பகுதி கைக்குண்டுகளும், வீடுகளில் எடுத்த சொட்கன்களுமே. முயலுக்கு அளந்த சன்னம் மனிதனுக்கு நீட்டப்பட்டது.

வேட்டையை அளவுக்குள் கொண்டுவரும் முயற்சி வேட்டைக்காரரிடமிருந்தே தொடங்கியது என்பதையும் மறைக்கலாகாது. 1894இல் இலங்கையின் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் எழுந்தது. 1937இன் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பின்னர் வந்து, பலமுறை திருத்தப்பட்டது. தோட்டங்களில் துரைமாரின் துவக்குச் சத்தம் ஓய்ந்தது. ஆனால் கம்பிச் சுருக்கு ஓயவில்லை. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியில் அத்தகைய சுருக்கொன்றில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை உயிரிழந்தது. துவக்குக்கு ஓர் எண் உண்டு. தோட்டாவுக்கு ஓர் எண் உண்டு. கம்பிக்கு எண் கிடையாது. முயலுக்கென்று வைத்தது எதையும் பிடிக்கும்.

ரொஜர்ஸின் துவக்கும் இந்தக் கம்பியும் வெகு தூரத்தில் நிற்பனபோல் தோன்றும். ஒன்று அதிகாரத்தின் கருவி. மற்றது இல்லாமையின் கருவி. இரண்டிலும் இல்லாதது அளவு. குறைந்த சம்பளத்தில் லயத்துக்குள் வாழ்பவனிடம் மட்டும் அளவைக் கேட்பது நீதியாகாது. அவன் சட்டியில் வேறு வழியில் இறைச்சி வேக வழிசெய்யாமல் சுருக்கை மட்டும் அறுப்பது அரைவேலையே. யானைக்குத் தவறிய வேலை வள்ளுவர் போற்றினார். முயலுக்கு அளந்து வைத்த சன்னத்தை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பதை நேயர்களே எண்ணிப் பார்க்கட்டும்.