உங்காவா வரைபடம்

1760ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவியச் சகோதரரை நம் வாசகர் அறிவர். அச்சபையாரே 1771இல் வட அமெரிக்காவின் லாப்ரடார் கடற்கரையில், இனுவிட் மக்களிடையே, நெயின் என்னும் நிலையத்தை நிறுவினர். அங்கு நடைபெற்ற ஊழியத்தின் விளைவாகத் தோன்றிய ஒரு வரைபடத்தைப் பற்றியே நாம் இங்கு எழுதுகிறோம்.

லாப்ரடாரின் வடமுனையைச் சுற்றி மேற்கே சென்றால் உங்காவா விரிகுடாவை அடையலாம். அதன் கரை பெரும்பாலும் மரமற்ற தூந்திரா நிலம். பாசியும் குறுஞ்செடிகளுமே அங்கு வளர்கின்றன. கடலேற்றமோ உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. ஐரோப்பியரின் படங்களில் அக்கரை ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது.

1811 ஜூன் 24ஆம் நாள் பெஞ்சமின் கோல்மைஸ்டரும் ஜார்ஜ் கிமோக்கும் ஓக்காக் நிலையத்திலிருந்து அத்திசை நோக்கிப் புறப்பட்டனர். அங்கு வாழ்வோருக்குச் சுவிசேஷம் அறிவிக்கத் தகுந்த இடம் தேடுவதே அவர்கள் நோக்கம். ஏறிச் சென்ற படகு ஹோப்டேலைச் சேர்ந்த யோனத்தான் என்னும் இனுவிட் விசுவாசிக்குரியது. அதைச் செலுத்தியவரும் அவரே. வேறு சில இனுவிட் குடும்பங்களும் உடன் சென்றன. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஒரு பேராற்றுக்கு இங்கிலாந்து அரசரின் பெயரால் ஜார்ஜ் ஆறு என்று பெயரிட்டனர். அவ்விடத்திற்கு இனுவிட் மொழியில் முன்னரே பெயர் இருந்தது. அதை மிஷனெரிகளும் தங்கள் நாட்குறிப்பில் எழுதி வைத்தனர். பின்னர்க் கோக்சோவாக் ஆறுவரை சென்று, அக்டோபர் 4இல் திரும்பினர்.

நாட்குறிப்பு 1814இல் படத்துடன் லண்டனில் வெளிவந்தது. முகப்பில் மிஷனெரிகள் இருவரின் பெயர்கள் உள்ளன. யோனத்தானின் பெயரை உட்பக்கங்களில்தான் காண்கிறோம். படகு யாருடையது, வழி யாருடையது என்று நோக்குமிடத்து, இது நியாயமான பங்கீடு என்று நமக்குத் தோன்றவில்லை.

நூலை ஆவலுடன் வாசித்தவர் வேறொருவர். ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் ஆளுநர் ஜார்ஜ் சிம்ப்சன், அதில் உரோம வாணிபத்திற்கான வாய்ப்பைக் கண்டார். 1828இல் அவர் ஆட்கள் நிலவழியே உங்காவாவை அடைந்தனர். 1830இல் கோக்சோவாக் கரையில் கம்பெனியின் கோட்டை எழுந்தது. சுவிசேஷத்திற்கென வரையப்பட்ட படம் முதலில் வணிகருக்கே பயன்பட்டது. மொரேவியரோ 1904இல்தான் விரிகுடாவின் வாயிலிலுள்ள கில்லினெக்கில் ஒரு நிலையம் அமைத்தனர்; அதுவும் 1924இல் மூடப்பட்டது.

அரசரின் பெயர் ஆற்றுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் அதன் முகத்துவாரத்திலுள்ள இனுவிட் ஊர், மிகப் பெரிய விரிகுடா எனப் பொருள்படும் கங்கிக்சுவாலுஜ்ஜுவாக் என்ற பழம்பெயராலேயே இன்றும் வழங்குகிறது.