பாரீசின் காளானும் அதன் ஆயுளும்

பறித்த பின்னரும் சுவாசித்து நீரை இழக்கும் காளான் விரைவில் கறுத்து வழவழத்துப் போவதால், குளிர்பதனப் பெட்டிக்கு முந்தைய ஐரோப்பிய வீடுகளில் அதைச் சேமிப்பது பெரும்பாலும் ஈரத்தைப் போக்குவதாகவே இருந்தது. நூலில் கோத்து உலர்த்துவது ஒரு வழி. பொடியாக நறுக்கி, வெண்ணெயில் நீர் வற்றும்வரை வதக்கி, ‘துக்செல்’ எனும் கலவையாக வைத்துக்கொள்வது மற்றொன்று. 1651இல் சமையல் நூல் வெளியிட்ட லா வரேன் பெயரோடு இதை இணைக்கும் மரபு உண்டெனினும், வற்றச்செய்யும் உத்தி பெயரற்ற அடுக்களைகளில் முன்பே இருந்திருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில், பாரீசுக்கு அடியில் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் மாறாத குளிர்ச்சியில், மக்கிய குதிரைச் சாணப் பாத்திகளில் ஆண்டு முழுவதும் காளான் விளைந்து பறித்த சூட்டோடு சந்தைக்கு வந்தபோது, நகரத்து இல்லங்களுக்கு அந்த உழைப்பு மிச்சமாயிற்று.