சிறு தொழிற்கூடமும் சர்க்கார் கொள்முதலும்

வெளி மாநிலத்தில் குடியேறி, ஒரு கடைசல் இயந்திரத்தையும் இரண்டு உதவியாளர்களையும் வைத்துத் தொழில் நடத்தும் நம்மவர் பலரை நேயர்கள் அறிவீர்கள். சர்க்கார் வாங்கும் சாமான்களில் தமக்கும் ஒரு பங்கு கிட்டுமா என்பது அவர்கள் மனத்தில் நெடுநாளாக உள்ள கேள்வி.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய அரசாங்கத்துக்கு வேண்டிய சாமான்களில் பெரும்பகுதி லண்டன் இந்தியா ஆபீஸ் வாயிலாகவே வாங்கப்பட்டது. இங்கேயே வாங்குவதற்கென ‘இந்தியன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட்’ 1922-ல் ஏற்பட்டது. ஆயினும் சிறியவருக்கு அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. டெண்டர் படிவத்துக்கு விலை. அதனுடன் முன்வைப்புத் தொகை. வேலை கிடைத்தாலோ காப்புத் தொகை. கையிருப்பு முழுவதும் இவ்வாறு முடங்கிவிட்டால் இரும்பு வாங்குவது எவ்வாறு? ‘ஏர்னஸ்ட் மணி’ என்பதை ‘மெய்யார்வப் பணம்’ என ஒருவர் மொழிபெயர்த்திருந்ததை நான் கண்டதுண்டு. ஆர்வத்துக்குக் குறைவில்லை, பணத்துக்கன்றோ குறைவு!

ஃபோர்டு அறநிலையத்தின் உதவியுடன் வந்த நிபுணர் குழு 1954-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1955-ல் தேசியச் சிறுதொழில் கழகம் நிறுவப்பட்டது. சர்க்கார் ஆர்டர்களைச் சிறு தொழிற்கூடங்களுக்குப் பெற்றுத் தருவது அதன் தலையாய பணிகளில் ஒன்று. சிறியவர் யார் என்பதற்கும் இலக்கணம் வகுத்தனர்: மூலதனம் 5 லட்சம் ரூபாய்க்குள், மின்விசை உண்டெனில் 50 பேருக்குக் குறைவாகவும், இல்லையெனில் 100 பேருக்குக் குறைவாகவும் ஆட்கள். அதிகம் பேருக்கு வேலை கொடுத்தவர் சலுகையை இழக்கும்படி அமைந்த இவ்விதி எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது. 1960-ல் ஆள் கணக்கு நீக்கப்பட்டது.

கழகத்தில் பதிவு பெற விரும்புவோரின் தொழிற்கூடத்துக்கு அதிகாரி நேரில் செல்வார். எந்திரங்களையும் சோதனைக் கருவிகளையும் பார்வையிட்டு, எச்சாமானை எந்த அளவுக்குச் செய்து தர இயலும் என்று குறிப்பு எழுதுவார். காலப்போக்கில், பதிவு பெற்றவர்களுக்கு டெண்டர் படிவம் இலவசமாயிற்று. முன்வைப்புத் தொகையும் தள்ளுபடியாயிற்று.

2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2012-ல் பிறந்த ஆணை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் நூற்றுக்கு 20 பங்கைக் குறு, சிறு தொழில்களிடமிருந்து பெறவேண்டும் என்றது. 2018-ல் அது 25 ஆக உயர்த்தப்பட்டது. சிறியவர் கேட்ட விலை, மிகக் குறைந்த விலையைவிட நூற்றுக்கு 15-க்குள் கூடுதலாயின், அக்குறைந்த விலைக்கே தர இசைந்து ஒரு பங்கைப் பெறலாம். ‘உத்யம்’ பதிவு 2020 ஜூலை முதல் சுய அறிவிப்பின் பேரில் நடைபெறுகிறது.

இவ்வாணை மாநில அரசுகளையும் நகராட்சிகளையும் கட்டுப்படுத்துவதன்று. அவற்றின் விதிகள் வேறு. தம் எல்லைக்குள் இயங்கும் தொழில்களுக்குச் சலுகை காட்டும் மாநிலங்கள் பல. அங்கே கணக்கிடப்படுவது தொழிற்கூடம் இருக்கும் இடமேயன்றி உரிமையாளரின் தாய்மொழி அன்று. புனாவில் பட்டறை வைத்துள்ள திருநெல்வேலிக்காரர் மராட்டிய மாநில விதிகளையே கேட்டறிதல் வேண்டும்.

ஆர்டர் கிடைத்தபின் பணம் வருவது தனிக்கதை. தாமதத்துக்கு வட்டி கோரும் உரிமையை 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படலாகாது என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. தவறினால் மாநிலத்தில் அதற்கென அமைந்த மன்றத்தில் முறையிடலாம். சாமான் ஏற்கப்பட்ட தேதியைக் காட்டும் ரசீதை மட்டும் பத்திரப்படுத்தியிருத்தல் வேண்டும்.