ஒரு பாஷை பைத்தியமான கதை

தேசங்களின் சரித்திரத்தை மன்னர்களிடமும் யுத்தங்களிடமும் தேடுவது நம் வழக்கம். சில சமயம் அது ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கிடைத்துவிடுகிறது.

1993-ஆம் வருஷம். தென்கொரியாவின் தலைநகரான ஸியோலில் ஆலைத் தொழிலாளியாக இருந்த நேபாளத்துப் பெண் ஒருத்தி, ஒரு கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டாள். பணம் கொடுக்கப் போனால் பணப்பையைக் காணோம். கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். முகமோ கொரியர் முகம் போல இருந்தது. பேச்சோ யாருக்கும் புரியவில்லை. நேபாளி பாஷை அவர்கள் காதில் பிதற்றலாக விழுந்தது. சித்தம் கலங்கிய கொரியப் பெண் என்று முடிவு கட்டி, மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பேசப் பேச வியாதி ருசுவாகிக்கொண்டே போயிற்று! வெளியே வர 6 வருஷமும் 4 மாதமும் ஆயின.

இந்தக் கதையைக் குறும்படமாக எடுத்தவர் பார்க் சான்-வூக். எடுக்கச் செய்தது அந்நாட்டின் தேசிய மனித உரிமை ஆணையம். அதுதான் விசேஷம். 1987 வரை ராணுவத் தளபதிகளின் பிடியில் இருந்த நாடு அது. 1980-இல் மரண தண்டனை விதிக்கப்பட்ட கிம் டே-ஜங், பின்னால் ஜனாதிபதியானார்; அவர் காலத்தில்தான், 2001-இல், ஆணையம் பிறந்தது. அது ஆறு டைரக்டர்களை அழைத்தது. 2003-இல் ஆறு படங்களும் ஒரே படமாக வெளிவந்தன.

வேலை தேடும் பள்ளி மாணவிகளிடம் படிப்பை விட்டு உடல் எடையையும் முக அழகையும் எடை போடுவதை ஒரு படம் சொல்கிறது. இங்கிலீஷ் உச்சரிப்பு திருந்தவேண்டுமென்று குழந்தையின் நாக்கடியில் கத்தி வைக்கும் பெற்றோரை ஒரு படம் காட்டுகிறது. உடல் ஊனமுற்ற ஒருவனுக்கு ஒரு சாலையைக் கடப்பதே ஒரு கண்டத்தைக் கடப்பதாகிவிடுவது இன்னொன்று.

ஆனாலும் என்னை விடாமல் துரத்துவது நேபாளத்துப் பெண்தான். அந்தப் படத்தில் பெரும்பாலும் காமிரா அவள் கண்ணாகவே இருக்கிறது. போலீஸ்காரரும் டாக்டரும் நர்சும் நம்மைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். நம்மைத்தான் பைத்தியம் என்கிறார்கள். அவர்களில் வில்லன் என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை. அவரவர் உத்தியோகத்தை அவரவர் பார்த்தார்கள். யாருக்கும் சந்தேகம் மட்டும் வரவில்லை.

நான் சொற்களை நம்பிப் பிழைப்பவன். உள்ளத்தில் உண்மை இருந்தால் வார்த்தை எப்படியும் போய்ச் சேரும் என்று பல கதைகளில் எழுதியிருக்கிறேன். அவளும் உண்மையைத்தான் சொன்னாள். குறை அவள் நாவில் இல்லை. கேட்டவர்கள் காதில் இருந்தது.

போன ஆறு வருஷத்தை எந்தப் படமும் திருப்பித் தராது. ஆனால், இழைத்த அநீதியைத் தன் செலவிலேயே திரையில் போட்டுப் பார்க்க ஒரு தேசத்துக்குத் துணிவு வந்ததும் சரித்திரம்தானே? அன்று அவளுக்கு வேண்டியிருந்தது அதைவிடச் சின்ன விஷயம். 'இது எந்த ஊர்ப் பாஷை?' என்று யாராவது ஒருவர் கேட்டிருக்கலாம்.