வெள்ளம் வடிந்தபின் வந்த கண்ணோய்

மழைக்காலத்தில் ஹவுராவில் வாழும் நமக்குத் தேங்கிய நீர் புதிதன்று. வானம் வெளுத்த பின்னும் சந்துகளில் முழங்காலளவு நீர் நிற்கும். வேலைக்குச் செல்வோர் செருப்பைக் கையில் ஏந்தி நடப்பர்; சிறுவர் காகிதக் கப்பல் விட்டு மகிழ்வர். நீர் வடிந்ததும் துன்பமும் வடிந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை மருத்துவ உலகிற்கு எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி நம் மதுரையில் நிகழ்ந்தது. அவ்வரலாற்றை அன்பர்கள் அறிதல் நலம்.

கண்ணின் வெளிச்சுவருக்கும் உள்ளிருக்கும் விழித்திரைக்கும் இடையே இரத்தக் குழாய்கள் செறிந்த நடுப்படலம் ஒன்று உண்டு. அது அழற்சியுறுவதை மருத்துவர் 'யூவியைட்டிஸ்' என்பர். கண் சிவக்கும், வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். கவனியாது விட்டால் குருடும் ஆகலாம். இந்நோய்க்குக் காரணம் ஒன்றன்று, பலவாகும். எக்காரணத்தால் வந்தது என்று காண்பதே மருத்துவருக்குப் பெருஞ்சோதனை.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நாளடைவில் ஆலமரம்போல் வளர்ந்தது. அங்கு இவ்வழற்சி நோய்க்கான பிரிவிற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் எஸ். ஆர். ரத்தினம்.

1993-ஆம் ஆண்டின் இறுதியில் பெருமழை பெய்து மதுரை வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்த ஆண்டில் கண்ணழற்சியுற்றோர் வழக்கத்திற்கு மிகுதியாக வரத் தொடங்கினர். அவருள் பலர் வயலில் உழைக்கும் ஆடவர். சிலருடைய கண்ணின் முன்னறையில் சீழ் படிந்திருந்தது. சிலருக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்களும் அழன்றிருந்தன. மேனாட்டு நூல்கள் முதன்மையாகக் கூறிய காரணங்கள் இவர்களுக்குப் பொருந்தவில்லை. ஆராய்ச்சி எலிக்காய்ச்சலை நோக்கித் திரும்பியது.

எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பைரா என்னும் கிருமி நீரிலும் சேற்றிலும் கலக்கிறது. காலிலுள்ள சிறு புண் வழியே அது மனித உடலினுள் புகும். ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் வைல் 1886-ஆம் ஆண்டிலேயே இந்நோயை விரித்துரைத்தார். ஆயினும் அதனால் வரும் கண்ணோயை இனங்காண்பது எளிதன்று. முதலில் காய்ச்சல் வரும், தானே தணியும், நோயாளி அதை மறந்தும் போவார். கண்ணழற்சியோ பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் கழித்தே தோன்றும். அப்போது இரத்தத்தில் கிருமி அகப்படாது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளே அது வந்துபோனதற்குச் சாட்சி.

அந்தச் சாட்சியை இரத்தச் சோதனை காட்டியது. கண்ணின் முன்னறை நீரிலும் கிருமியின் மரபுப்பொருள் கண்டறியப்பட்டது. 73 நோயாளரைப் பற்றி ரத்தினமும் உடனுழைத்தோரும் எழுதிய கட்டுரை 1997-இல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் வெளியாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞரும் மதுரை மருத்துவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1998-இல் தொடர்ந்தது. காரணம் தெரிந்து காலத்தே மருந்திட்டால் இக்கண்ணோய் கண்டவருள் பெரும்பாலோர் பார்வையை மீட்கலாம் என்பதே இப்பணியின் பெரும்பயன்.

நீரைப் பற்றிய ஆராய்ச்சி அத்துடன் நிற்கவில்லை. கிராமத்துக் குளங்களில் நீந்திய சிறுவர் கண்களில் தோன்றிய சிறு கட்டிகளுக்கு ஒருவகைத் தட்டைப்புழுவே காரணம் என்பதையும் ரத்தினம் குழுவினர் 2001-இல் வெளியிட்டனர்.

பின்னர் அவர் கவனம் சிகிச்சைக்குத் திரும்பியது. கிருமியால் அன்றி உடலின் எதிர்ப்புச் சக்தியே பிறழ்ந்து கண்ணைத் தாக்கும் வகையும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு, கண்புரை முதலிய கேடுகள் விளையும். ஆகவே ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் துணை மருந்துகளுள் எது சிறந்தது என்பதைத் தேர்ந்தறிய வேண்டியிருந்தது. இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மெக்சிகோ, சவூதி அரேபியா ஆகிய 5 நாடுகளில் 216 நோயாளரைக் கொண்டு சோதனை நடந்தது. அதன் முடிவு 2019-இல் ரத்தினத்தை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்தது. ஆறு திங்களில் பழைய மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட் நூற்றுக்கு 67 பேருக்கும், புதிய மருந்தாகிய மைக்கோபினோலேட் 57 பேருக்கும் பயன் தந்தன. புதியது பழையதை விஞ்சவில்லை. விலை குறைந்த பழைய மருந்தே போதும் என்னும் செய்தி ஏழை நோயாளிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

இவ்வரலாறு உணர்த்துவது யாது? நோய்க்கும் ஊர் உண்டு. மதுரை வயலில் வரும் நோயின் காரணத்தை அயல்நாட்டு நூலில் மட்டும் தேடினால் கிட்டாது; அவ்வூர் நீரையும் நிலத்தையும் உழைப்பையும் நோக்கினாலன்றி விளங்காது. "எங்கே வேலை செய்கிறாய்? எந்த நீரில் இறங்கினாய்? முன்பு காய்ச்சல் வந்ததா?" என்னும் எளிய வினாக்கள் விலையுயர்ந்த கருவிகளுக்கு வழிகாட்டும் விளக்குகளாகும்.

நம் காலனியிலும் மழைநீர் தேங்கும், எலிகளும் குறைவல்ல. காலில் புண்ணுடன் அந்நீரில் இறங்காதிருப்போம். இறங்க நேர்ந்தால் வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கழுவுவோம். மழைக்குப் பின் வரும் காய்ச்சலை அலட்சியம் செய்யாதிருப்போம். பின்னொரு நாள் கண் சிவந்து பார்வை மங்கினால், கடையில் சொட்டு மருந்து வாங்கிக் காலங்கடத்தாமல் கண் மருத்துவரை நாடுவோம். அந்தப் பழைய காய்ச்சலையும் தேங்கிய நீரையும் அவரிடம் மறவாது சொல்வோம். அந்த ஒரு சொல் ஒரு கண்ணைக் காக்கக்கூடும்.