அரங்கேற்றமும் மென்பொருள் வெளியீட்டு விருந்தும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு படைப்பு முற்றுப்பெற்றதும் அவை கூட்டி அதனை வெளியிடுதல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதென அதன் பாயிரம் கூறும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அரங்கேறியதென இலக்கிய வரலாற்றாசிரியர் குறிப்பர். அரங்கேற்றம் வெறும் பாராட்டு விழாவன்று. ஐயம் எழுப்புவோரும் விடை பகர்வோரும் எதிரெதிர் அமர்ந்த ஆய்வவை அது. அவை ஏற்றுக்கொண்ட நூலைப் படியெடுக்கவோ அதற்கு உரையெழுதவோ விரும்பியவர், ஆக்கியோனிடம் விலைகொடுத்து உரிமை பெறவேண்டியிருக்கவில்லை. எழுத்தறிவே சிலரது உடைமையாக இருந்தமை அந்த அமைப்பின் குறைபாடு என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இம்மரபை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணமுண்டு. திறமூல மென்பொருளின் புதிய பதிப்பொன்று வெளிவரும்போது, அதனைப் பயன்படுத்துவோர் தத்தம் ஊர்களிற் கூடி விருந்தயரும் வழக்கம் கடந்த முப்பது ஆண்டுகளில் உலகெங்கும் பரவியுள்ளது. மேற்போக்காக நோக்குவோர் இதனை இளைஞரின் கேளிக்கை என்றே கருதுவர். அதன் சமூக அடிப்படையை ஆராயின் வேறோர் உண்மை புலனாகும்.

1983 செப்டெம்பர் 27 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை இயக்கவும், அதன் மூலநிரலைக் கற்றுத் திருத்தவும், படியெடுத்துப் பிறர்க்கு அளிக்கவும், திருத்திய வடிவத்தைப் பரப்பவும் பயனாளருக்கு உரிமை வேண்டும் என்பதே அதன் கொள்கை. 1989 இல் வெளிவந்த குனூ பொது உரிமம் இக்கொள்கைக்குச் சட்ட வடிவம் அளித்தது. 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருநிரலின் முதலாம் பதிப்பு, 1994 மார்ச் 14 இல் அப்பல்கலைக்கழகத்தின் மண்டபமொன்றிலேயே வெளியிடப்பட்டது.

இதற்கு மறுதலையான விழாவொன்றை அடுத்த ஆண்டே உலகம் கண்டது. 1995 ஆகஸ்ட் 24 இல் விண்டோஸ் 95 வெளியானபோது மைக்ரோசொப்ட் நிறுவனம் பெரும்பணம் செலவிட்டு உலகளாவிய விளம்பரத்தை நிகழ்த்தியது. நியூயோர்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடமும் அந்நிறுவனத்தின் வண்ணங்களில் ஒளியூட்டப்பட்டது. அங்கு கூடியோர் நுகர்வோர். அவர்கள் வாங்கிச் சென்ற பெட்டியினுள் மூலநிரல் இருக்கவில்லை. இதற்கு மாறாக, நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 இல் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்துவிட்ட மறுநாள், சான்பிரான்சிஸ்கோவில் மொசில்லாவின் பெயரால் நடைபெற்ற விருந்து, நிரலைப் பெற்றோர் அனைவரையும் அதன் ஆக்கத்திற் பங்காளராகுமாறு அழைத்தது. விழா என்னும் வடிவம் ஒன்றே. அதன் உள்ளடக்கத்தை நிர்ணயித்தது உடைமையுறவாகும்.

2004 ஆம் ஆண்டு நமக்குச் சிறப்பாகக் கருதற்பாலது. நவம்பர் 9 இல் மொசில்லாவின் பயர்பொக்ஸ் உலாவியின் முதலாம் பதிப்பு வெளிவந்தது. டிசெம்பர் 16 இல் அதன் ஆதரவாளர் தாமே பணம் திரட்டி நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழில் இருபக்க விளம்பரமொன்றை வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 10,000 பேரின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. பத்து நாட்கள் கழிந்து, டிசெம்பர் 26 இல், ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. இலங்கையில் மாண்டோர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களிலும் பெயர்ப்பட்டியல்கள் எழுதப்பட்டன. அவை இறந்தோரின், காணாமற்போனோரின் பட்டியல்கள்.

அப்பேரிடரின் நடுவிலேதான் சகனா என்னும் திறமூல மென்பொருள் பிறந்தது. சிங்களத்தில் இச்சொல் நிவாரணம் எனப் பொருள்படும். லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த தொண்டர்கள், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் தேவைகளையும் பதிவுசெய்வதற்காக அதனை உருவாக்கினர். 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும், 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனாவுக்கு வழங்கியது. இலங்கையிற் பிறந்து உலகெங்கும் பயன்பட்ட அம்மென்பொருளின் தோற்றத்தில் அதிகம் இழந்த மாவட்டத்துக்குரிய இடம் யாது? நம் மக்கள் அதில் தரவாக இடம்பெற்றனர், ஆக்கியோராக அல்லர். இது தொண்டர்களின் குற்றமன்று. அறிவுற்பத்தியின் கருவிகள் தலைநகரிலும் ஆங்கிலத்திலும் குவிந்திருந்தமையின் விளைவு இது.

இன்னொரு முரண்பாட்டையும் நாம் மறைத்தல் தகாது. தொண்டர் பலரின் ஊதியமில்லா உழைப்பும் கலந்து உருவான லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்த ரெட் ஹற் நிறுவனத்தை, ஐ.பி.எம். 2019 இல் 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. நிரல் பொதுவுடைமையாக இருப்பினும், அதனாற் பெருகும் செல்வம் பொதுவாவதில்லை. இதனை உணராது கொண்டாடப்படும் விருந்து, பிறர் வெற்றிக்கு நாம் எடுக்கும் விழாவாகவே முடியும்.

இந்நிலையில், கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பாலுள்ள சவளக்கடை போன்ற வயல்சூழ் ஊரொன்றில் இத்தகைய விழா நடைபெறின் அது எவ்வாறு அமையவேண்டும்? சான்பிரான்சிஸ்கோவைப் பின்பற்றவேண்டிய தேவையில்லை. கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழாவில், ஊரார் தந்தவற்றைக் கொண்டு சமைத்த கந்தூரிச் சோறு ஊராருக்கே பகிரப்படுகின்றது. அவ்வழக்கம் பற்றிய சமய விவாதம் எவ்வாறாயினும், அளித்தோரும் உண்போரும் ஒருவரே என்னும் அதன் சமூகப் பண்பு திறமூலக் கொள்கைக்கு மிக அணுக்கமானது.

உணவோடு உழைப்பும் அவ்வவையில் இடம்பெறல் வேண்டும். முதலாவது, படியெடுத்தல். கனோனிக்கல் நிறுவனம் 2005 முதல் 2011 வரை உபுண்டு இறுவட்டுகளைக் கேட்டோர்க்கெல்லாம் தபாலில் இலவசமாக அனுப்பியது. இன்று ஒருவர் தரவிறக்கியதை ஊர் முழுவதும் படியெடுக்கலாம். மாரி வெள்ளம் தாம்போதியை மூடும் நாளிலும் அது பயன்படும். இரண்டாவது, மொழியாக்கம். திரையிலுள்ள சொற்களைத் தமிழாக்குவோர் பெரும்பாலும் தொண்டர்களே. அதிராம்பட்டினத்து உமர்தம்பி ‘தேனீ’ ஒருங்குறி எழுத்துருவை ஆக்கி எவரும் பயன்படுத்துமாறு இலவசமாக வழங்கினார். 2006 இல் அவர் மறைந்த பின்னரும் அவர் ஆக்கம் வாழ்ந்தது. மூன்றாவது, ஆய்வு. மருதமுனை நெசவாளரும் சவளக்கடை விவசாயியும் தம் கணக்கை அதில் எழுதிப் பார்த்து, ‘இவ்விடத்தில் இது பிழை’ என்று கூறவேண்டும். அக்கூற்று ஆக்கியோரைச் சென்றடைந்து அடுத்த பதிப்பில் திருத்தமாக வருமாயின், அதுவே உண்மையான அரங்கேற்றமாகும்.

மக்கள் தம் பெயரை இருவகைப் பட்டியல்களிற் காண நேர்கின்றது: ஒன்று பேரிடரில் பிறர் எழுதுவது, மற்றையது படைப்பில் தாமே எழுதுவது. முதற்பட்டியலில் நம் கரையோரத்தின் பெயர்கள் ஏராளம். இரண்டாவதில் அவை இடம்பெறும் நாளிலேதான் வெளியீட்டு விருந்து நமது விருந்தாகும்.