இரும்பு எஞ்சியது, மூங்கில் மறைந்தது: பெங்களூரு வாணங்களின் வரலாற்றில் ஓர் இடைவெளி

'வாணம்' என்னும் சொல், அம்பைக் குறிக்கும் 'பாண' என்ற வடசொல்லின் வழிவந்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையை நிலைகுலையச் செய்த போரில் மைசூர்ப் படை ஏவிய ராக்கெட்டுகளுக்கும் அப்பெயரே வழங்கியது. பெங்களூருவின் பழைய பேட்டைப் பகுதியிலுள்ள தாராமண்டல்பேட்டை, அவை செய்யப்பட்ட இடமாக மரபில் அறியப்படுகிறது.

இவ்வாணங்களின் சிறப்பு இரும்புக் குழலில் இருந்தது என்பதை, பெங்களூருவில் பணியாற்றிய விண்வெளியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் எழுதிய ஆய்வில் விளக்கினார். தாள் உறையைவிட இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியது. அதனால் வாணம் நெடுந்தொலைவு சென்றது. எனினும் குழல் தருவது விசை மட்டுமே. திசையைத் தந்தது, அதனோடு தோல்வாரால் கட்டப்பட்ட நீண்ட மூங்கில் தண்டு. தண்டு குட்டையானால் வாணம் சுழன்று விழும்; கனத்தால் தொலைவு குறையும். மருந்து எரிய எரிய எடை குறைந்து சமநிலையும் இடம்பெயரும். ஆகவே ஒவ்வொரு குழலுக்கும் ஏற்ற தண்டைத் தேர்வது தனித்திறன்.

இன்றைய வில்வித்தையில் கார்பன் அம்பைச் செப்பம் செய்வோர் இதற்கு இணையான சிக்கலையே எதிர்கொள்கின்றனர். 28 அங்குல இடைவெளியில் தாங்கிய தண்டின் நடுவே 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது வளையும் அளவை எண்ணாகக் குறிப்பர். அரை அங்குலம் வளைந்தால் 500. முனையின் எடை கூடினால் எய்யும்போது தண்டு மேலும் வளையும்; நீளத்தைக் குறைத்தால் விறைக்கும். அம்பில் வளைவும் வாணத்தில் சமநிலையும் அளக்கப்படுகின்றன. இரண்டிலும் சுமைக்கேற்பத் தண்டு அமைய வேண்டும். வேறுபாடு ஒன்றே: கார்பன் தண்டின் அளவு அட்டவணையில் உள்ளது, மூங்கிலின் அளவு கைவினைஞரின் கையில் இருந்தது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் வாணங்கள் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் அவற்றையொட்டித் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார். பக்கவாட்டில் இருந்த தண்டை அவர் 1815இல் நடு அச்சுக்கு மாற்றினார். தண்டே இல்லாத ராக்கெட்டுக்கு வில்லியம் ஹேல் காப்புரிமை பெற்றது 1844இல். தண்டின் சிக்கல் எளிதன்று என்பதற்கு இக்கால இடைவெளியே சான்று.

2018இல் சிவமொக்கா மாவட்டத்து நகர என்னும் ஊரின் பாழ்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்புக் குழல்கள் மீட்கப்பட்டன. அவற்றின் விட்டத்தையும் உலோகத்தையும் ஆராயலாம். அவற்றுக்கெனத் தேர்ந்த மூங்கில் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்பதைக் குழல்கள் கூறா. எஞ்சிய பொருளை மட்டும் கொண்டு எழுதினால் மைசூர் ராக்கெட்டின் வரலாறு கொல்லரின் வரலாறாகவே நின்றுவிடும். மூங்கிலைத் தேர்ந்து, சீவி, எடை பார்த்துக் கட்டிய கைகளுக்கும் அதில் சமபங்கு உண்டு.